பதினான்கு இல்லைகள்

மிச்சம், லண்டன்
21 செப்டெம்பர் 2025

அன்புள்ள எமில்டா மாமிக்கு,

பெனிற்றா எழுதுகிறேன். நீங்களும் உங்கள் தையல் மெசினும் பேசாலையில் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே அம்மாவுக்கு முதுகு நோ. அப்பாவுக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி கூடிக் குறைகிறது. தம்பி றஜீவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான்.

இன்று பின்னேரம்தானே போனில் கதைத்தோம், பிறகு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். ஞாயிறு வீடியோப் போன் எப்போதும் குசினி மேசையில், எல்லாருக்கும் கேட்கும்படிதான் இருக்கும். அம்மா "என்ன மச்சாள் சமையல்" என்பார். உங்கள் கதிரை கிரீச் என்று சத்தம் போடும். அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டபடி இருப்பார். அதற்குள் இதை எப்படிக் கேட்பது? இப்போது அம்மா முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்டில் நிற்கிறார். அப்பா நித்திரை. நான் மேல்கட்டிலில், போர்வைக்குள் சின்ன லைற்றை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பாவின் தொழிற்சாலை உங்களுக்குத் தெரியும். ட்ராம் பாதைக்குப் பின்னால் இருக்கிறது, அறுபது பேர் வேலை செய்கிறார்கள். நடக்க ஏலாதவர்கள் இருந்து போகிற மின்சாரச் சில்லுக்கதிரைகளுக்கு மோட்டர் செய்கிற இடம். அந்த மோட்டருக்குள் செம்புக்கம்பி சுற்றுவதுதான் அப்பாவின் வேலை. போன செவ்வாய்க்கிழமை முகாமையாளர் எல்லாரையும் கூப்பிட்டு, ஜனவரியிலிருந்து சில்லுக்கதிரை மோட்டர் இல்லை என்று சொன்னாராம். இனி இராணுவத்துக்குப் போகிற ட்ரோன்களுக்குத்தான் மோட்டர். கம்பியும் அதேதான், கையும் அதேதான், மெசினை மட்டும் மாற்றினால் போதும் என்றாராம். தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறவர்கள் ஒக்டோபர் 31க்கு முன் ஒரு பாதுகாப்புப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் படிவம் என்றால் நான்தான். பத்து வயதிலிருந்து கவுன்சில், டொக்டர், பெனிபிட் எல்லாம் நான்தான் நிரப்புகிறேன். அப்பாவின் ஈமெயில் பாஸ்வேர்ட் அப்பாவுக்கே தெரியாது. ஆனால் இந்தப் படிவத்தைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானாகத் திறந்து பார்த்தேன். பதினான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று போட வேண்டும். ஒன்பதாவது கேள்வி இது: எந்த ஆயுத அமைப்புக்காவது எப்போதாவது வேலை செய்தீர்களா?

ஒருநாள் றஜீவின் சைக்கிளைத் திருத்தும்போது அப்பா, "வன்னியில பட்டறையில நிண்ட காலத்தில இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வன்" என்றார். அம்மா உடனே கதையை மாற்றிவிட்டார்.

மாமி, அது யாருடைய பட்டறை? அங்கே என்ன செய்தார்கள்? 'ஆம்' என்று போட்டால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்துக்கு ரஷ்யா படிக்கிறோம். அங்கே எல்லாம் அரசாங்கத்தின் திட்டப்படிதானாம். ட்ரக்டர் செய்த தொழிற்சாலைகள் சில கிழமைகளில் யுத்த டாங்கி செய்யத் தொடங்கினவாம். அது எப்படி அவ்வளவு வேகமாக முடிந்தது என்று கட்டுரை எழுத வேண்டும். யாராவது இந்தக் கடிதத்தைக் கண்டால், பாடத்துக்காகக் கேட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

பதிலை வீட்டுக்குப் போட வேண்டாம். என் சிநேகிதி கம்சிகாவின் அம்மா கோலியர்ஸ் வுட்டில் கடை வைத்திருக்கிறார். அந்த விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மருமகள்
பெனிற்றா


பேசாலை
12 ஒக்டோபர் 2025

என் செல்லப் பிள்ளை பெனிற்றாவுக்கு,

மடு மாதாவின் காவல் உங்கள் எல்லாருக்கும் இருக்கட்டும். நான் சுகம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைக்கிற வேலை கையில் நிறைய இருக்கிறது. மழை இன்னும் வரவில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று உன் தம்பியைப் போல நாள் முழுக்கக் கத்துகிறது.

உன் எழுத்து வடிவாக இருக்கிறது. ஆனால் நீ ஒரு விசரி. முழுக் கடிதத்திலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் 'பாடத்துக்காகக் கேட்டேன்' என்று சொல்லச் சொல்கிறாய். இங்கே கடிதம் பிரிக்கிறவர்கள் கடைசி வரியை மட்டும் வாசிப்பார்கள் என்று நினைத்தாயோ?

காகிதத்தில் எல்லாம் எழுத ஏலாது பிள்ளை. அப்பாவைக் கேள். நல்ல நேரம் பார்த்துக் கேள், சாப்பிட்ட பிறகு.

என் கதிரை பழையது, அதுதான் சத்தம். அதைக் கவனிக்காதே.

உன் சரித்திரப் பாடத்துக்கு வேண்டுமானால் உதவி செய்கிறேன். ரஷ்யாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். தையல் முடிந்ததும் எழுதுகிறேன்.

அம்மாவின் முதுகுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்.

அன்பு மாமி
எமில்டா


மிச்சம்
2 நவம்பர் 2025

அன்புள்ள மாமிக்கு,

சுகமா? ஆட்டுக்குட்டிகளும் சுகமா? உங்கள் கடிதம் ஒக்டோபர் 31 பின்னேரம்தான் கம்சிகாவின் கடைக்கு வந்தது. முகத்துக்கு நேரே மிளகாய்த்தூள் பக்கற்றை ஆட்டிக்கொண்டு, "ஆரடி உனக்குக் கடிதம் போடுறது, ஆரும் பொடியனோ?" என்று கம்சிகாவின் அம்மா கேட்டார். முத்திரையில் மன்னார் என்று இருந்ததைக் காட்டினேன். "ஓ, மன்னார்ப் பொடியன்" என்றார்.

அப்பாவைக் கேட்கச் சொன்னீர்கள். கேட்க முடியவில்லை. போன கிழமை ஸ்ரீதரன் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அவர் அப்பாவின் பகுதிக்கு சுப்பவைசர். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். எதற்கும் "ஜெர்மனியில எண்டால்" என்றுதான் தொடங்குவார்.

"முத்தண்ணை, ஜெர்மனியில எண்டால் காரின்ர சீற் செய்த கொம்பனியள் எல்லாம் இப்ப ஆமிக்குத்தான் செய்யுது. உலகம் அப்பிடித்தான் போகுது. உங்கட கை மாதிரி ஒரு கை அங்கை இல்லை. அந்த ஃபோமை அனுப்புங்கோ. எல்லாத்துக்கும் இல்லை, இல்லை, இல்லை. முடிஞ்சுது."

அப்பா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சீனி போடுவதில்லை.

"யோசிக்கிறன்" என்றார்.

"என்னத்தை யோசிக்கிறது? ஃபோம் என்ன, கலியாணமோ?"

அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அங்கிள் போன பிறகு அம்மா குசினியில் அழுதது எனக்குக் கேட்டது. "இந்த வயசில ஆர் உங்களுக்கு வேலை தருவான் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

படிவம் போய்விட்டது, மாமி. இனி அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ரஷ்யாவைப் பற்றி எழுதுங்கள்.

பெனிற்றா


பேசாலை
9 நவம்பர் 2025

என் பிள்ளை பெனிற்றாவுக்கு,

நலம், உங்கள் நலத்துக்கு மன்றாடுகிறேன். உன் பதில் இன்னும் வரவில்லை, ஆனாலும் சொன்னபடி பாடத்துக்கு எழுதுகிறேன்.

ரஷ்யாவில் ஒரு பட்டறை இருந்தது. தண்ணீர் இறைக்கிற கைப்பம்பியும், கலப்பைக்கொழுவும், மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டமும் செய்தார்கள். மாதத் தொடக்கத்தில் திட்டமிடல் பிரிவிலிருந்து ஒரு கடதாசி வரும். இத்தனை பம்பி, இத்தனை கொழு என்று அதில் இருக்கும். சம்பளத்தோடு அரிசியும் சீனியும் கொடுத்தார்கள். அங்கே லேத் மெசினில் நின்றவன் ஒரு பொடியன். அவன் இயக்கக்காரன் இல்லை, வேலைக்காரன். அவன் கையில் இரும்பு வெண்ணெய் மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள்.

ஒரு மாதம் வந்த கடதாசியில் பம்பி இல்லை. கொழு இல்லை. ஒரு படமும் ஒரு இலக்கமும் மட்டும் இருந்தன. தட்டையான, வட்டமான ஒரு மூடி. பொடியன் பொறுப்பாளரிடம், "இது என்னத்தின்ர மூடி?" என்று கேட்டான். "படத்தில இருக்கிற மாதிரிச் செய்" என்றார் அவர். உன் புத்தகத்தில் வேகம் என்று சொல்கிறார்களே, அது இதுதான். ஒரு கிழமையும் எடுக்கவில்லை. மெசினை மாற்றத் தேவையில்லை, கடதாசியை மாற்றினால் போதும்.

பிறகும் பெண்கள் உடைந்த பம்பியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வருவார்கள். வாசலில் நின்றவர்கள் திருப்பி அனுப்புவார்கள். பொடியன் மத்தியானம் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வெளியே பனைக்குக் கீழே இருந்து அவற்றைத் திருத்திக் கொடுப்பான். இரண்டு மாதத்தில் அதுவும் நின்றது.

அவன் அந்த மூடியை எத்தனை செய்தான் என்று அவனுக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே செய்தவன்.

அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள்.

இப்போதைக்கு இவ்வளவும் காணும். வெளிச்சம் போகிறது, கண் வலிக்கிறது.

எமில்டா மாமி


மிச்சம்
30 நவம்பர் 2025

அன்புள்ள மாமிக்கு,

வெள்ளம் என்று செய்தியில் காட்டினார்கள். இன்று போன் எடுபடவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? மாதா கோவிலில் எல்லாரும் உங்களுக்காக மெழுகுதிரி ஏற்றினோம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இதை எழுத எனக்கு வேறு ஆள் இல்லை.

மாமி, ரஷ்யாவில் பனை இல்லை.

எனக்கு விளங்கியது. அந்த மூடி என்னவென்றும் விளங்கியது. கடிதத்தை என் சரித்திரப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். அந்த அக்காவுக்கு என்ன நடந்தது?

போன கடிதத்தில் 'படிவம் போய்விட்டது' என்று எழுதினேன். யார் அனுப்பியது என்று எழுதவில்லை. நான்தான். ஒக்டோபர் 30 இரவு அப்பாவின் ஈமெயிலைத் திறந்து, பதினான்கு கேள்விக்கும் 'இல்லை' என்று போட்டு, கீழே செபமாலைமுத்து என்று அப்பாவின் பெயரை அடித்து அனுப்பினேன். பெயரை இரண்டு தரம் பிழையாக அடித்துத் திருத்தினேன்.

அப்பாவுக்குத் தெரியாது. நவம்பர் முதலாம் திகதி காலையில் அவர் நல்ல சந்தோசமாக எழும்பினார், மாமி. அப்படி அவரைப் பார்த்ததே இல்லை. அம்மாவிடம், "நான் அனுப்பேல்லை. தவணை முடிஞ்சுது. ஜனவரியோட நிப்பாட்டட்டும், வேறை வேலை பாப்பம்" என்றார். றஜீவைத் தோளில் தூக்கிக்கொண்டு தோசை சுட்டார். நான் அந்தத் தோசையைச் சாப்பிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. படிவத்துக்கு நன்றி, முதல் கட்டத்தில் தேறிவிட்டீர்கள், ஜனவரி ஐந்தாம் திகதி புதிய பகுதியில் பயிற்சி, ஆறு பேருக்கு நீங்கள் தலைவர் என்று இருந்தது. வாசித்துச் சொன்னது நான்தான். அம்மா மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

"நான் அனுப்பாத ஃபோமுக்கு என்னெண்டு பதில் வந்தது?"

"தெரியாது அப்பா."

அப்பா உடனே ஸ்ரீதரன் அங்கிளுக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டார். அங்கிள்தான் அனுப்பிவிட்டார் என்று நினைத்துவிட்டார். அங்கிள் திருப்பிக் கத்தினது எங்கள் எல்லாருக்கும் கேட்டது: "உங்கட ஃபோம் நிரப்ப நான் என்ன உங்கட வீட்டுப் பிள்ளையோ?"

அப்பா போனை வைத்துவிட்டு யன்னலடிக்குப் போனார். என்னை மறுபடியும் பார்க்கவில்லை.

நான் என்ன செய்ய?

பெனிற்றா


மிச்சம்
28 டிசெம்பர் 2025

அன்புள்ள மாமிக்கு,

நத்தார், புதுவருட வாழ்த்துகள். பதில் வரவில்லை. வெள்ளத்தில் என் கடிதம் எங்காவது நனைந்து கிடக்கிறதோ தெரியாது. போனில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணி என்று சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நான் "கட்டுரைக்கு மிச்சம் எழுதுங்கோ மாமி" என்று கத்தினேன். "எழுதுவன், எழுதுவன்" என்றீர்கள். அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கெஞ்சினபடியால் அப்பா பயிற்சிக்குப் போகச் சம்மதித்துவிட்டார். ஒரு மாதம் மட்டும் பார்க்கிறேன் என்றார். புதிய மெசின்கள் வந்து இறங்கிவிட்டனவாம். சில்லுக்கதிரை மோட்டர்களை ஒரு மூலையில் குவித்து வைத்திருக்கிறார்களாம்.

வேலை முடிந்து வந்து கை கழுவுகிறார். கழுவிக்கொண்டே நிற்கிறார். றஜீவ் வெளியே நின்று கதவைத் தட்டுகிறான்.

எனக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்.

பெனிற்றா


பேசாலை
4 ஜனவரி 2026

என் உயிர்ப் பிள்ளை பெனிற்றாவுக்கு,

புது வருடத்தில் தேவன் உங்களைக் காக்கட்டும். நான் சுகம். தண்ணீர் வற்றிவிட்டது. தையல் மெசினைக் கழற்றிக் காயவைத்திருக்கிறேன். நீ நவம்பர் 30 எழுதின கடிதம் நத்தாருக்குப் பிறகு, மை எல்லாம் ஊறி, என் கைக்கு வந்தது. ஆனாலும் வாசித்தேன், ஒவ்வொரு எழுத்தும்.

இனி ரஷ்யா வேண்டாம்.

அந்த அக்கா நான்தான். நீ எப்போதும் போனில் என்னைக் கதிரையில் இருந்தபடிதான் பார்த்திருக்கிறாய். எனக்கு வலது கால் தொடைக்குக் கீழே இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில், இடம் மாறி இடம் மாறி ஓடின நேரம், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் மிதிவெடி. உனக்குக் கேட்கிற சத்தம் கதிரையின் சத்தம் இல்லை. பொய்க்காலின் முழங்கால்.

அந்த வெடி யார் செய்தது, யார் வைத்தது என்று எனக்குத் தெரியாது. அந்த மண்ணில் இரண்டு பக்கமும் புதைத்தார்கள். உன் அப்பா அது தன் மூடிதான் என்று நினைக்கிறான். அதுதான் எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கிற ஒரே சண்டை. ஒரு நாளும் வாய் திறந்து போடாத சண்டை. பிறந்த நாளிலிருந்து என்னை 'அக்கா, அக்கா' என்று சுற்றினவன், அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை.

லண்டனில் சில்லுக்கதிரைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்த அன்று எனக்குப் போன் எடுத்தான். "அக்கா, கதிரை மோட்டர்" என்று இரண்டு சொல்தான் சொன்னான். பிறகு சிரித்தானோ அழுதானோ எனக்குத் தெரியவில்லை.

இப்போது கவனமாக வாசி. நீ பயப்படுகிற விசயத்தை அவன் ஒளிக்கவில்லை. உன் அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்த அந்த முதல் வருடம், அகதி விசாரணையில் இரண்டு நாள் இருந்து எல்லாம் சொன்னவன். பட்டறை, கடதாசி, மூடி, எத்தனை என்ற கணக்கு எல்லாவற்றையும் சொன்னான். கேட்காததையும் சொன்னான் என்று உன் அம்மா கோபப்பட்டாள். அதையெல்லாம் எழுதி எடுத்துவிட்டுத்தான் அவனை இருக்க விட்டார்கள். அவன் சொல்லாமல் விட்டது பிள்ளைகள் உங்கள் இரண்டு பேரிடமும்தான்.

அவன் பெயரில் அந்த நாட்டில் இருக்கிற முதல் பொய் நீ போட்ட 'இல்லை'தான், பிள்ளை.

ஏசுகிறேன் என்று நினைக்காதே. பயத்தில் செய்தாய். பயத்தில் நாங்கள் செய்ததை எழுத இந்தக் காகிதம் போதாது. நான்தான் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், ரஷ்யா என்று விளையாடாமல். இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு. என் அடுத்த பதிலுக்குக் காத்திராதே, தபால் எங்களை விட மெதுவாக நடக்கிறது.

உன் மாமி
எமில்டா


மிச்சம்
27 ஜனவரி 2026

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் காலுக்கு நோ இல்லாமல் இருக்க வேண்டும். இனி எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் தொடங்குவேன்.

அப்பா மூன்று கிழமையாகப் பயிற்சிக்குப் போய்வந்தார். சனிக்கிழமை அப்பா என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிற நேரம், ட்ராமில் சொன்னேன். எழும்பி நின்று பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இருந்தால் வாய் வராது என்று பயம்.

"அப்பா, அந்த ஃபோமை அனுப்பினது நான்."

அப்பா வெளியே பார்த்தார். ஒரு தரிப்பிடம் போனது.

"எத்தனை கேள்வி?"

"பதினாலு."

"எல்லாத்துக்கும் இல்லையோ?"

"ஓம்."

"நீண்ட நாள் வருத்தம் ஏதும் இருக்கோ எண்டதுக்கும்?"

"...ஓம்."

"அப்ப எனக்குச் சலரோகமும் இல்லை. இறங்கினதும் ஒரு லட்டு வாங்குவம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் இருந்த கிழவி ஒரு கைலேஞ்சி தந்தார். பிறகு உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். அப்பா மெதுவாக வாசித்தார். நாங்கள் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. விம்பிள்டன் வரை போய், ட்ராம் நின்று, எல்லாரும் இறங்கி, வேறு ஆட்கள் ஏறி, அது திரும்பி ஓடத் தொடங்கிய பிறகும் அப்பா கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அக்கா வடிவா எழுதுவா" என்றார். அவ்வளவுதான்.

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்துக்கு முன்பு, யூனிபோமோடு அப்பாவோடு முகாமையாளரிடம் போனேன். மொழிபெயர்க்க வேறு ஆள் வேண்டாம் என்று அப்பாதான் சொன்னார். கதவைத் தட்ட முன்பு என்னிடம், "நான்தான் நிரப்பினன் எண்டு சொல்லு. விளங்காமல் பிழையாப் போட்டுட்டன் எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாதை" என்றார்.

முகாமையாளர் ஒரு பெண். மேசையில் பாதி சாப்பிட்ட பாண் இருந்தது. அப்பா தமிழில் தொடங்கினார்: "நான்தான் அந்த ஃபோமை நிரப்பினது."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அந்தப் படிவத்தை நிரப்பினது நான். அப்பாவுக்குத் தெரியாது. ஒன்பதாவது கேள்விக்கு அவருடைய பதில் 'ஆம்'."

மேசைக்குக் கீழே அப்பாவின் சப்பாத்து என் காலை மிதித்தது. அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும், மாமி. ஆனால் நான் நிறுத்தவில்லை. பட்டறை, கடதாசி, மூடி, முதல் வருட விசாரணை எல்லாம் சொன்னேன். நடுவில் அப்பா காலை எடுத்துவிட்டார். பிறகு தானும் சொல்லத் தொடங்கினார். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னார். எண்ணிக்கை. அந்த இலக்கத்தை நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

முகாமையாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இதை மேலே அறிவிக்கத்தான் வேண்டும், அந்தப் படிவம் இனிச் செல்லாது, அப்பா இனிமேல் புதிய பகுதிக்குள் கால் வைக்க முடியாது என்றார். அப்பா தலையாட்டினார். "ஃபோம் செல்லுமெண்டாலும் நான் இனிப் போகமாட்டன் எண்டு சொல்லு" என்றார். அதை அப்படியே சொன்னேன்.

முகாமையாளர் பாணைத் தள்ளி வைத்தார். "எனக்கும் மேலிருந்து ஒரு கடதாசிதான் வந்தது" என்றார். பிறகு, நாடு முழுக்கப் பழைய சில்லுக்கதிரைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றின் மோட்டர்கள் திருத்த வரும், பின் அறையில் ஒரு மேசை, கிழமைக்கு மூன்று நாள், கோடைகாலம் வரை தரலாம் என்றார். நான் மொழிபெயர்க்க முன்பே அப்பா "யெஸ்" என்றார்.

அம்மா என்னோடும் அப்பாவோடும் இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. இன்னொரு ஷிப்ட் கேட்டிருக்கிறார். மேலே அறிவித்தால் என்ன வரும் என்று இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வேறு பயம். இதோடு நித்திரை கொள்ள முடிகிறது.

அப்பா பின்னேரம் ஸ்ரீதரன் அங்கிள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அங்கிள், "ஜெர்மனியில எண்டால் இதுக்கு ஒரு போத்தல் குடுக்கவேணும்" என்றாராம்.

பெனிற்றா


பேசாலை
16 பெப்ரவரி 2026

என் தங்கப் பிள்ளைக்கு,

சுகம். மெசின் மறுபடியும் ஓடுகிறது. உன் கடிதத்தைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பின்வாங்கில் இருந்து வாசித்தேன். மன்றாட்டு வாசிக்கிறேன் என்று ஆட்கள் நினைத்திருப்பார்கள்.

அம்மாவோடு நீ முதலில் கதை. அவள் பயந்ததும் உங்களுக்காகத்தான்.

உன் அப்பா 'அக்கா வடிவா எழுதுவா' என்றதற்குப் பிறகு வேறு ஏதாவது சொன்னானா? நீ எழுதவில்லை. சொல்லாவிட்டால் பரவாயில்லை. நான் சும்மா கேட்டேன்.

எமில்டா மாமி


மிச்சம்
1 மார்ச் 2026

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் காலுக்குச் சுகமா? இந்தக் கடிதத்தைப் பட்டப்பகலில், குசினி மேசையில், எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன். றஜீவ் பேனையை இழுக்கிறான். பதிலை நேரே எங்கள் வீட்டுக்கே போடுங்கள். கம்சிகாவின் அம்மா, "மன்னார்ப் பொடியன் விட்டிட்டுப் போட்டானோ?" என்று கேட்டார்.

அம்மா கதைக்கத் தொடங்கிவிட்டார், பெரும்பாலும் ஏசத்தான். மேலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. அப்பா செவ்வாய், புதன், வியாழன் போகிறார். ஒவ்வொரு மோட்டரிலும் அதன் சொந்தக்காரரின் பெயர் ஒட்டியிருக்குமாம். வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு ஒரு டொறத்தி, ஒரு மிஸ்டர் அலி" என்று சொல்கிறார். கை கழுவுவது சோப் போடுகிற நேரம்தான்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். திட்டம் இருந்தபடியால்தான் வேகமாக முடிந்தது என்று எழுதினேன். யாரும் 'இது என்ன' என்று இரண்டாம் தரம் கேட்கக்கூடாது என்பதும் திட்டத்துக்குள் இருந்தது என்றும், பம்பி திருத்த வந்தவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்றும் எழுதினேன். ரீச்சர் ஓரத்தில் 'இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?' என்று கேட்டிருந்தார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அப்பா வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் எழுத இருந்தேன். இன்று நீங்கள் போனை வைத்த பிறகு, யன்னலடியில் நின்றபடி, "பதினைஞ்சு வருசமா அந்தச் சத்தம் கேக்குது. இப்ப கூடிப்போச்சு. ஆணி தேஞ்சிட்டுது" என்றார். அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், மாமி. ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

பேனையைக் கேட்கிறார். கொடுக்கிறேன்.

அக்கா,
முழங்கால் ஆணியைக் கழட்டினால் தடிப்பை ஒரு நூலால் சுற்றி, முட்டுற இடத்தில் வெட்டு. நீளத்துக்கு இன்னொரு நூல். இரண்டையும் உறைக்குள் போட்டு அனுப்பு. பித்தளையில் செய்து அனுப்புறன். அதுவரைக்கும் தேங்காயெண்ணெய் விடாதே, தூசி பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் விடு.
தம்பி


பேசாலை
19 மார்ச் 2026

அன்புள்ள தம்பிக்கும், மச்சாள் றோஸ்மலருக்கும், பிள்ளைகளுக்கும்,

நான் சுகம். ஆணியைக் கழற்றப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், நான் இரண்டு மணித்தியாலம் கதிரையை விட்டு அசையவில்லை.

தம்பி, இரண்டு நூலும் உள்ளே இருக்கின்றன. கையில் சிவப்புத்தான் இருந்தது. குட்டையானது தடிப்பு.

எமில்டா அக்கா